துரத்தினால் நுழைந்துகொள்ள ஒரு சின்ன வாசல்

டாக்ஸிக் கதையை முதலில் கொட்டிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில், எடின்பரோவின் வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து உயிரியல் பூங்காவுக்குப் பஸ் உண்டு என்று தெரிந்தும், மழைக்குப் பயந்து டாக்ஸியில் ஏறினேன். ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு ஓட்டுநர் கறந்த பணத்தில் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம். அதனால் மதியச் சாப்பாடு, பையில் கிடந்த இரண்டு வாழைப்பழம்தான்.

பூங்கா கார்ஸ்டார்ஃபின் குன்றின் சரிவில் இருக்கிறது. ஏறி முடிப்பதற்குள் முழங்கால் கெஞ்சியது. பெங்குவின்களை இரண்டு நிமிடத்தில் கடந்தேன். மீதிப் பொழுதெல்லாம் 'லிவிங் லிங்க்ஸ்' என்ற குரங்குக் கூடத்தில்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காக 2008-ல் திறந்தது. கபுச்சின் குரங்குகளையும் அணில் குரங்குகளையும் இங்கே சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

கபுச்சின் மூன்று கிலோ தேறும். அணில் குரங்கு ஒரு கிலோ இருந்தாலே அதிகம். இதென்ன கொடுமை என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அமேசான் காட்டிலேயே இவை ஒன்றாகத்தான் திரிகின்றன. கபுச்சின் கூட்டம் கிளைகளைக் கலைத்துக்கொண்டு போக, வெளிவரும் பூச்சிகளை அணில் குரங்குகள் பிடித்துத் தின்னும். பருந்து வந்தால் யார் கத்தினாலும் எல்லாமே பதுங்கும்.

அதற்காக ஒரே கூண்டில் சும்மா விட்டுவிட முடியுமா? என் கண்ணெதிரே ஒரு கபுச்சின் தான் உடைத்த கொட்டையின் துணுக்கைக் கீழே நழுவவிட்டது. மஞ்சள் கை ஒன்று அதைப் பொறுக்கியது. பெரியது பல்லைக் காட்டிப் பாய்ந்ததும், அணில் குரங்கு சுவரிலிருந்த சின்ன வாசலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. துரத்தி வந்தது வாசலில் முகத்தை வைத்துப் பார்த்தது, தோள் நுழையவில்லை. அணில் குரங்குகள் கபுச்சின்களின் அறைக்குப் போகலாம், கபுச்சின்கள் அணில் குரங்குகளின் அறைக்கு வர முடியாது. அந்த அளவை யோசித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு! அந்த வாசல் இல்லாமல் இரண்டையும் சேர்த்து அடைத்திருந்தால் நான் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

ஆய்வு அறையையும் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கபுச்சின்கள் விருப்பப்பட்டால்தான் அங்கே வரும். நான் பார்த்தது ஏதோ ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் எழுந்து போனது. பல்கலைக்கழகமே காத்திருக்கட்டும் என்பதுபோல ஒரு நடை.

எறும்புத்தின்னியைப் பார்க்க நேரமில்லை. திரும்பும்போது பஸ்தான். நிறுத்தத்தில் நின்று, குரங்குகள் முன்னால் தின்னக் கூச்சப்பட்டு வைத்திருந்த வாழைப்பழங்களை எடுத்தேன். இரண்டும் நசுங்கியிருந்தன.