அம்மாவோட நிக்க ஒரு ஆள்

"காசு பிரச்சினையில்லை, அம்மாவோட நிக்க நல்ல ஆளாப் பாத்துத் தாங்கோ." கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் வேலை. பயிற்சி முடித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்தவர்களில் பலர் கொழும்புக்கோ இஸ்ரேலுக்கோ போய்விடுகிறார்கள். இங்கே கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. மிஞ்சுவது அயலில் உள்ள பெண்கள். தாயையோ மாமியாரையோ கடைசிவரை பார்த்த கைகள் அவை. சான்றிதழ் இல்லை என்று நான் அவர்களை ஒதுக்குவதில்லை.

மறதி நோயில் அண்மையில் நடந்தவைதான் முதலில் அழியும். பழையவை நெடுநாள் நிற்கும். வன்னியில் அந்தப் பழையவை என்னென்ன என்று சொல்லத் தேவையில்லை. பொழுது சாயும் நேரத்தில் பல நோயாளிகளுக்குப் பதற்றமும் கூடும். முள்ளிவாய்க்கால்வரை நடந்து, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்து மீண்ட ஒரு அம்மா, இருளத் தொடங்கினால் உடுப்புகளைப் பையில் அடைப்பார். "செல்லடிக்கிறான், பங்கருக்கை ஓடுங்கோ" என்று பேரப்பிள்ளைகளை இழுப்பார். "அதெல்லாம் 2009இலயே முடிஞ்சுது அம்மா" என்று மகள் ஒவ்வொரு நாளும் விளக்குவார். விளக்க விளக்கத் தாய்க்குப் பயம் கூடியது. 'அறளை பேந்திட்டுது', அதாவது வயதால் புத்தி தடுமாறிவிட்டது என்று அயல் சொன்னது.

அந்த வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய அக்காவும் அதே பாதையால் நடந்து வந்தவர்தான். அவர் எதையும் மறுத்துப் பேசவில்லை. "வாங்கோ அம்மா, நானும் வாறன்" என்று கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போவார். ஜன்னலைச் சாத்தி, தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் இருப்பார். பிறகு இருள முன்னமே எல்லா லைற்றையும் போடப் பழகினார். நிழல்கள் குறைந்தால் பதற்றமும் குறையும். ஒருமுறை குழப்பம் திடீரென்று கூடியபோது, நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். சிறுநீரில் கிருமித்தொற்று. முதியவர்களில் அது இப்படியும் வெளிப்படும்.

எல்லாவற்றிலும் கடினமானது, "தம்பி வந்திட்டானோ?" என்ற கேள்வி. அந்த மகன் காணாமல் போனவர். 'இல்லை' என்று சொன்னால் தாய்க்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தி. வருவான் என்று சொல்ல மகளுக்கு வாய் வராது. அக்கா, "தம்பிக்கு என்ன கறி விருப்பம் அம்மா?" என்று கேட்டார். அம்மா கணவாய்க்கறியில் தொடங்கி அவன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த கதைவரை போனார். தம்பியைப் பற்றிப் பேசவே பயந்திருந்த அந்த வீட்டில், மகளும் வந்து பக்கத்தில் இருந்து கேட்டார்.

முள்ளந்தண்டு வடத்தில் காயப்பட்டவர்களின் வீடுகளில் தேவை வேறு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்குப் படுக்கைப்புண் வருவது தெரியாது. படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது திருப்பிவிட வேண்டும், இரவிலும். காயம் நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ என்றால், திடீர்த் தலையிடியும் வியர்வையும் வந்தவுடன் சிறுநீர் போகும் கதீற்றர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிந்தினால் இரத்த அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து. இவற்றை யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். புதிதாக வருபவர் "இவரை எப்ப திருப்பிறது?" என்று மனைவியிடம் கேட்கிறாரா, "அண்ணை, இப்ப திருப்பட்டோ?" என்று அவரிடமே கேட்கிறாரா என்பதைத்தான் நான் முதல்நாள் கவனிப்பேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் இப்போது நான் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிற ஆளுக்குக் கிழமையில் ஒரு முழுநாள் சம்பளத்தோடு லீவு வேண்டும். அன்றைக்கு மாற்று ஆளுக்கும் காசு அனுப்ப வேண்டும். பல இரவு நித்திரையில்லாத மனுசியிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். இதற்குச் சம்மதிக்காத வீட்டுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.