இல்லினாயில் 500 கையெழுத்து கேட்டால் 500 போதாது

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி எதன் பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்) நின்றாலும் தொகுதி வாக்காளர்கள் 500 பேரின் கையெழுத்து வேண்டும். உச்சவரம்பு 1,500. மாநில செனட்டுக்கு 1,000 முதல் 3,000 வரை. எங்கள் வேட்பாளரின் கையெழுத்து மனுவுக்கு ஆட்சேபனை வந்தது. எப்படியோ தப்பித்தது. அடி எங்கெங்கே விழும் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

தாக்கலின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி 90 நாள்தான் கையெழுத்துக் காலம். 2026 மார்ச் 17 பிரைமரிக்குத் தாக்கல் 2025 அக்டோபர் 27 முதல் நவம்பர் 3 வரை நடந்தது. அதனால் ஆகஸ்ட் 5க்கு முன் வாங்கிய எதற்கும் செல்லுபடி இல்லாமல் போனது.

ரயில் நிலைய வாசலிலும் திருவிழாவிலும் கையெழுத்து மளமளவென்று சேரும். அடிபடுவதும் அவைதான். போட்டவர் பக்கத்துத் தொகுதிக்காரராக இருப்பார். அல்லது வீடு மாறியும் வாக்காளர் பதிவில் பழைய முகவரியே இருக்கும். "நான் ரெஜிஸ்டர் பண்ணியிருக்கேன்" என்று அடித்துச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போவது மெதுவான வேலை, ஆனால் அதுதான் நிற்கும். கணவர் மனைவிக்கும் சேர்த்துப் போட வந்தால் பேனாவைக் கொடுக்காதீர்கள். ஒரே கை எழுதியது போன்ற வரிகள் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அந்தத் தொண்டர் வாங்கிய தாள்கள் மொத்தத்தையும் எதிர்த்தரப்பு குறிவைக்கும். குறைந்தபட்சத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கீழே நிறுத்தாதீர்கள்.

1996இல் ஒபாமா முதன்முறை மாநில செனட்டுக்கு நின்றது இந்த வழியில்தான். அன்றைய செனட்டர் ஆலிஸ் பாமருக்கு 757 கையெழுத்து தேவை, கொடுத்தது 1,580. அவசரத்தில் திரட்டியவை. ஒபாமா தரப்பு ஆட்சேபித்ததும் பெரும்பகுதி அடிபட்டு, பாமர் விலகிக்கொண்டார். மற்ற மூன்று போட்டியாளர்களும் இதே வழியில் கழிய, பிரைமரியில் ஒபாமாவுக்குப் போட்டியே இல்லை. ஊரில் இன்றும் இதைத் தந்திரம் என்பார் உண்டு, சட்டம் என்பார் உண்டு.

வாக்காளர் தவறினால் ஒரு வரி போகும். தொண்டர் தவறினால் தாளே போகும். ஒவ்வொரு தாளின் அடியிலும் அதைச் சுற்றுக்கு எடுத்துப்போனவரின் உறுதிமொழி, முகவரி, கையெழுத்து, நோட்டரி முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். தொண்டர் நோட்டரி முன்னால் நேரில் நின்றுதான் கையெழுத்திட வேண்டும். எங்கள் பக்கம் முத்திரை விடுபட்ட தாள்கள் கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டன. வாரம் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் இந்த ஓட்டமே இல்லை. பிறகு எல்லாத் தாளையும் ஒரு ஓரத்தில் கெட்டியாகப் புத்தகம்போல் கட்டி, வரிசையாகப் பக்க எண் போடுங்கள். வெறும் கிளிப் மாட்டிக் கொண்டுபோனால் அதற்கென்றே ஒரு ஆட்சேபனை வரும்.

வேட்பாளர் தன் பொருளாதார ஈடுபாடுகளைச் சொல்லும் பொருளாதார நலன் அறிக்கை இன்னொரு பொறி. சட்டமன்ற வேட்பாளர் அதை மாநிலச் செயலாளரிடம் தர வேண்டும், கவுண்டி (மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் அல்ல. நாங்கள் விசாரித்த ஒரு கவுண்டர் ஊழியர் தவறான இடத்துக்கே கைகாட்டினார். அதன் ரசீது தாக்கல் கெடு முடிவதற்குள் மாநிலத் தேர்தல் வாரியத்துக்குப் போகாவிட்டால் கையெழுத்து எத்தனை இருந்தும் பயனில்லை.

தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த வாரியத்தில் மனுத்தாக்கல் சுலபம். முதல் நாள் காலை 8 மணிக்கு வரிசையில் நின்றால் வாக்குச்சீட்டின் முதலிடத்துக்கான குலுக்கலில் பெயர் சேரும், அவ்வளவுதான்.

தாக்கல் முடிந்த பிறகு ஐந்து வேலைநாளுக்குள் ஆட்சேபனை வரலாம். அடுத்தது பதிவுச் சரிபார்ப்பு: ஆட்சேபித்த ஒவ்வொரு வரியையும் திரையில் வாக்காளர் பதிவிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். பதிவில் கூட்டெழுத்தும் தாளில் தனித்தனி எழுத்தும் இருந்தால் பெரும்பாலும் "பொருந்தவில்லை" என்பார்கள். உங்கள் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த வரிக்கு வந்த நொடியே மறுப்பைப் பதியச் சொல்ல வேண்டும். வரி தாண்டிய பிறகு சொல்லிப் புண்ணியமில்லை. மறுப்புப் பதிந்த வரிகளுக்குக் கையெழுத்திட்டவரையே தேடிப்பிடித்து, "இது என் கையெழுத்துதான்" என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் வாங்கலாம். அதற்கான கெடு சில நாள்தான். அதனால் கையெழுத்து வாங்கும்போதே தொலைபேசி எண்ணைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள், மனுத்தாளில் அல்ல.