முடிச்சூர் வெள்ளமும் ஒரே விடையும்

2015 டிசம்பர் 2 விடியற்காலையில், சென்னைப் புறநகரான முடிச்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. கழிவறைக் கோப்பையிலிருந்து பொங்கி வந்தது. ஒரு மணி நேரத்தில் கட்டில் மூழ்கியது. அம்மாவை மொட்டை மாடியில் உட்கார வைத்துவிட்டுக் கீழே இறங்கியபோது, சமையலறையில் காஸ் சிலிண்டர் மிதந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு பருவநிலை மாற்றமே காரணம் என்று பலரும் சொல்லக் கேட்டேன். பூமி சூடாகிறது என்பதிலோ, நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிப்பதே அதற்கு முதன்மைக் காரணம் என்பதிலோ எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் விசாரணைக்கு முன்பே அந்த ஒரே விடையைச் சொல்லி விவகாரத்தை மூடிவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது உண்மை. அந்த மழையை ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்ட பன்னாட்டு அறிவியலாளர்கள், புவி வெப்பமாதலின் தடம் அதில் புலப்படவில்லை என்றே எழுதினார்கள். வங்கக் கடலின் மேற்பரப்பு அதிகம் சூடாகாததையும், காற்று மாசு அந்தச் சூட்டை மறைத்திருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், வருங்கால மழையைப் பற்றிய அச்சம் நியாயமானதே. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏன் வந்தது என்பதற்கு மட்டும் அது விடையாகாது.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதுதான் காரணம் என்ற விளக்கமும் எங்களுக்குப் பொருந்தாது. அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீர், முடிச்சூரைத் தாண்டித் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் கலக்கிறது. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வழிந்த நீர்.

வெள்ளம் வடிந்த பின், நனைந்த பத்திரங்களைக் காயவைக்கும்போது மூலப்பத்திரத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். நிலம் நஞ்சை என்றும், கிழக்கு எல்லை போக்குக் கால்வாய் (ஏரியின் உபரி நீர் ஓடும் வழி) என்றும் அதில் எழுதியிருந்தது. மனை போட்டு விற்றவர் காட்டிய வரைபடத்தில் கால்வாயே இல்லை. அது இருந்த இடத்தில் சிமென்ட் சாலையும், ஓரத்தில் இரண்டடி அகல மழைநீர் வடிகாலும்தான் இருந்தன. ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த நீர் வேறு எங்கே போகும்?

சட்டமன்றத்தில் 2018இல் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கையும் அந்த வெள்ளத்தை மனிதரால் உண்டான பேரிடர் என்றே குறிப்பிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரில் மீண்டும் தண்ணீர் நின்றது. அப்போதும் அந்தக் கால்வாய் இருந்த இடத்தில் அதே சிமென்ட் சாலைதான் இருந்தது.