ஞானத்தாய் எப்படி வம்புக்காரி ஆனாள்?

ஆங்கிலத்தில் வம்புப்பேச்சைக் குறிக்கும் ‘காசிப்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அந்தக் காலத்து அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களை மதுக்கடைக்கு அனுப்பி, “போய் ஒரு மடக்குக் குடி, சனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு வா” என்பார்களாம். ‘கோ’ என்றால் போ, ‘சிப்’ என்றால் உறிஞ்சு. இரண்டும் ஒட்டி ‘காசிப்’ ஆகிவிட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் துளியும் உண்மை இல்லை.

இந்த மாதிரிக் கதை வந்தால் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. அந்தச் சொல் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் எது, அன்று அதற்கு என்ன பொருள், அந்த வடிவத்திலிருந்து இன்றைய ஒலி இயல்பாக வருமா என்று பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று இடறினாலே கதை விழுந்துவிடும். ‘காசிப்’ விஷயத்தில் மூன்றுமே இடறுகின்றன. யார்க் நகரப் பேராயர் உல்ஃப்ஸ்டன் 1014-இல் செய்த புகழ்பெற்ற பிரசங்கத்தில் இந்தச் சொல் ‘காட்சிப்’ என்ற வடிவில் இருக்கிறது. நாடு முழுக்க ஞான உறவினர்களும் ஞானப் பிள்ளைகளும் கொல்லப்படுகிறார்களே என்று அவர் குமுறும் இடம் அது. மதுக்கடைக்கு ஆள் அனுப்பும் கட்சி அரசியல் இங்கிலாந்தில் தோன்ற அதற்குப் பிறகு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

‘காட்’ என்றால் கடவுள். இங்கே ‘சிப்’ உறிஞ்சுவது இல்லை, வேறு சொல். இரத்த உறவு, சுற்றம் என்று பொருள். உடன்பிறந்தவரைக் குறிக்கும் ‘சிப்ளிங்’ என்ற சொல்லில் இருப்பதும் இதே ‘சிப்’தான். ஆக, காட்சிப் என்றால் கடவுளின் முன்னிலையில் உண்டான உறவு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தைக்கும் அந்தக் குழந்தையைப் பெற்றவர்களுக்கும் இடையே உள்ள முறை அது. தமிழில் இதற்கு மிக அருகில் வருவது ‘சம்பந்தி’ என்ற சொல். பிள்ளைகளின் கல்யாணத்தால் பெற்றோருக்குள் ஒரு முறை உண்டாவதைப் போல, அங்கே ஞானஸ்நானத்தால் உண்டானது. வெறும் மரியாதைச் சொல் என்று நினைத்துவிட வேண்டாம். இடைக்காலத் திருச்சபைச் சட்டம் இதை உண்மையான உறவாகவே எண்ணியது. இந்த முறையில் இருந்தவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொள்ளத் தடை இருந்தது.

இனி ஒலி. ‘காட்சிப்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள ட் அடுத்து வரும் ச-வில் கரைந்து ‘காஸ்ஸிப்’ ஆகும். இது தனி ஒரு சொல்லுக்கு நேர்ந்த விபத்து இல்லை. நற்செய்தி நூலைக் குறிக்கும் ‘காஸ்பல்’ என்ற சொல்லும் ‘காட்ஸ்பெல்’ என்று இருந்து அதே ட்-ஐ இழந்ததுதான். கடைசியில் இருந்த மெலிந்த ப் (ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்துக்கு உரியது) பிறகு வலித்துவிட்டது. அவ்வளவுதான்.

பொருள் மாறியதுதான் சுவையான பகுதி.

ஞானத்தாயாக யாரை அழைப்பார்கள்? நெருங்கிய தோழியைத்தான். அதனால் 14-ஆம் நூற்றாண்டுக்குள் இந்தச் சொல் ‘உற்ற தோழி’, ‘கூட்டாளி’ என்ற அளவுக்கு விரிந்துவிட்டது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் வரும் பாத் நகரத்து மனைவி தன் கதைக்கு முன்னுரை சொல்லும்போது, ஆலிசன் என்ற தோழியைத் தன் ‘காசிப்’ என்கிறாள். என் மனசு எங்கள் பங்குச் சாமியாரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்கிறாள். என் புருஷன் சுவரோரம் ஒன்றுக்குப் போயிருந்தாலும் அதையும் அவளிடம் சொல்லியிருப்பேன் என்கிறாள். இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். சொல்லுக்கு இன்னும் ‘தோழி’ என்றுதான் பொருள். செயலோ இன்று நாம் காசிப் என்று சொல்கிற அதே செயல். சொல் மாறுவதற்கு முன்பே அதன் அடுத்த பொருள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த திருப்பம் பிரசவ அறையில் நடந்தது. 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் என்றால் மருத்துவச்சியோடு அக்கம்பக்கத்துப் பெண்களும் அழைக்கப்பட்டார்கள். கணவனுக்கு உள்ளே இடமில்லை. பேறுகாலத் தனிமை ஏறக்குறைய ஒரு மாதம். வந்து கூடிய பெண்களுக்குப் பெயர் காசிப்கள். அவர்களுக்கு மசாலாவும் சர்க்கரையும் சேர்த்த சூடான பானம் கொடுப்பார்கள். ஷேக்ஸ்பியரின் பக் என்ற குறும்புத் தேவதை, சுட்ட காட்டு ஆப்பிளாக உருமாறி ‘காசிப்பின் கிண்ணத்தில்’ ஒளிந்துகொள்வேன் என்று பெருமையடிப்பது இந்தப் பானத்தை வைத்துத்தான். ஆண்கள் நுழைய முடியாத ஓர் அறையில், நாள்கணக்கில், பெண்கள் மட்டும் கூடிப் பேசினார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று வெளியே நின்றவர்கள் கற்பனை செய்தார்கள். அந்தக் கற்பனையின் கசப்பு மெல்ல மெல்லச் சொல்லில் ஏறியது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியைத் திறந்தால் மூன்று படிகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். முதல் பொருள், ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பதில் சொல்பவர். இரண்டாவது, குடித்தோழர். மூன்றாவது, பேறுகாலத்துப் பெண்களைப் போல அலைந்து திரிந்து வம்பளப்பவர். அப்போதும் அது ஆளைக் குறிக்கும் பெயர்தான். பேச்சையே ‘காசிப்’ என்று சொல்லும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியானது. நாம் இன்று முதன்மையாகக் கருதும் பொருள் வரிசையில் கடைசியாக வந்தது.

பழைய நாடகங்களைத் தமிழில் தருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் எட்டாம் ஹென்றி நாடகத்தில், குழந்தை எலிசபெத்தின் ஞானஸ்நானம் முடிந்ததும் அரசர் “என் மேன்மைமிகு காசிப்களே” என்று விளிக்கிறார். அங்கே நிற்பவர்களில் பேராயர் கிரான்மரும் ஒருவர். அதை ‘வம்பர்களே’ என்று எழுதினால் காட்சியே குலைந்துபோகும். ‘ஞானப் பெற்றோரே’ என்று எழுத வேண்டும். இன்னொரு நாடகத்தில் குவிக்லி அம்மாளை அண்டைவீட்டுப் பெண் ‘காசிப் குவிக்லி’ என்று கூப்பிடுகிறாள். அது வசவு இல்லை, வாஞ்சை. ‘குவிக்லி அக்கா’ என்றால் சரியாகப் பொருந்தும்.

பிரெஞ்சிலும் இதே பாதைதான். ‘கொமேர்’ என்றால் முதலில் ஞானத்தாய், பிறகு வம்புக்காரி; அதிலிருந்து வம்புப்பேச்சுக்கு ‘கொமெராஜ்’. ஸ்பானிய ‘கொமாட்ரே’யும் அப்படியே. மூன்று மொழிகளில் ஒரே இறக்கம்!

ஆண்கள் கூடிப் பேசியதற்கும் ஆங்கிலத்தில் சொற்கள் உண்டு. அவற்றின் போக்கு வேறு. ‘ஸ்கட்டில்பட்’ என்பது கப்பற்படைச் சொல். பட் என்றால் பெரிய பீப்பாய். அளவுச் சொல்லாக அது 126 காலன் ஒயினைக் குறித்தது, அதாவது ஏறக்குறைய 477 லிட்டர். ஸ்கட்டில் என்றால் துளை, திறப்பு. கப்பலின் மேல்தளத்தில் குடிநீர்ப் பீப்பாயில் கோப்பை நுழையும் அளவுக்குத் துளை வெட்டி வைப்பார்கள். தண்ணீர் மொள்ள வரும் மாலுமிகள் அங்கே நின்று பேசுவார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கப்பற்படையில் பீப்பாயின் பெயரே செய்திக்கும் வதந்திக்கும் ஆகிவிட்டது. இன்றும் அந்தக் கப்பல்களில் குடிநீர்க் குழாய்க்கு ஸ்கட்டில்பட் என்றே பெயர்.

ஆஸ்திரேலியாவின் ‘ஃபர்ஃபி’ இதற்கு இரட்டைப் பிறவி. விக்டோரியா மாகாணத்து ஷெப்பர்டன் நகரில் ஜான் ஃபர்ஃபி என்ற கொல்லர் வார்ப்பாலை நடத்தினார். அவர் செய்த தண்ணீர் வண்டி, இரண்டு சக்கரத்தின் மேல் படுக்கவைத்த இரும்பு உருளை, 180 காலன், அதாவது 800 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ‘ஃபர்ஃபி’ என்று இருக்கும். முதல் உலகப்போரில் ராணுவ முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது இந்த வண்டி. வண்டிக்காரர்கள் முகாம் முகாமாகப் போகிறவர்கள், தண்ணீரோடு சேதியும் கொண்டுவந்தார்கள். பாதிச் சேதி பொய். 1915 வாக்கில் நம்ப முடியாத வதந்திக்குப் பெயர் ஃபர்ஃபி.

இதில் ஒரு விநோதம். ஜானின் தம்பி ஜோசஃப் ஃபர்ஃபி ஓர் எழுத்தாளர். 1903-இல் வந்த தன் நாவலுக்கு அவர் ‘டாம் காலின்ஸ்’ என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். அன்றைய ஆஸ்திரேலியக் கொச்சையில் டாம் காலின்ஸ் என்பது ஊர் வதந்திகளுக்கெல்லாம் காரணம் என்று சொல்லப்படும் ஒரு கற்பனை ஆள். வதந்தியின் பெயரைத் தானாக எடுத்துச் சூடிக்கொண்டவரின் சொந்தக் குடும்பப் பெயரே பிறகு வதந்திக்குப் பெயரானது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1912-இல் இறந்துவிட்டார்.

திராட்சைக்கொடிச் செய்தி, ‘கிரேப்வைன்’, அமெரிக்காவில் 1850-களில் வழக்குக்கு வந்தது. 1844 மே 24 அன்று மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். கம்பி நேராகப் போகும். கொடி வளைந்து நெளிந்து, பின்னிப் பிணைந்து போகும். அதனால் வாய்வழிச் செய்திக்குத் ‘திராட்சைக்கொடித் தந்தி’ என்று பெயர் வைத்தார்கள். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு அது வெட்டிப்பேச்சு இல்லை. அடிமையாகப் பிறந்து பின்னாளில் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் தன்வரலாற்று நூலில் அதை விளக்குகிறார். தபால் நிலையத்துக்கு அனுப்பப்படும் ஆள், கடிதத்தை வாங்கிக்கொண்டு உடனே திரும்பமாட்டார். அங்கே வெள்ளைக்காரர்கள் பேசுவதைக் கேட்டபடி சற்று நேரம் தாமதிப்பார். வழியில் தம் மக்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் செய்தி எஜமானரின் மாளிகைக்குப் போகும் முன் குடிசைகளுக்குப் போய்விடும்.

பீப்பாய், வண்டி, கொடி. ஆண்கள் கூடிய இடத்தின் பேச்சுக்குப் பொருளின் பெயர். பெண்கள் பேசினால் பேசியவளே அந்தப் பெயர். ஸ்கட்டில்பட் சொன்னவனை யாரும் ‘ஸ்கட்டில்பட்’ என்று ஏசுவதில்லை. இந்த ஓரவஞ்சனையை அகராதி வாசிப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியிலிருந்து வந்த ‘யென்டா’வும் அப்படித்தான். யெண்டெ என்பது ஒரு சாதாரணப் பெண் பெயர். மேன்மையானவள் என்ற பொருளுள்ள லத்தீன் வழிச் சொல்லிலிருந்து வந்தது. நியூயார்க்கின் யித்திஷ் நாளிதழ் ஒன்றில் வந்த நகைச்சுவைத் தொடரின் வாயாடிப் பாத்திரத்தால் அந்தப் பெயருக்கு வம்புக்காரி என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. கல்யாணத் தரகர் என்று பலர் நினைப்பது தவறு. 1964-இல் மேடையேறிய ஓர் இசை நாடகத்தில் தரகு பார்க்கும் பெண்ணுக்கு யெண்டெ என்று பெயர், அதனால் வந்த குழப்பம். யித்திஷில் தரகருக்குச் சொல் ‘ஷட்கன்’.

ஒலிக்குறிப்பாகப் பிறந்தவையும் நிறைய. ‘சாட்’ பறவைகளின் கீச்சொலியிலிருந்து வந்தது. ‘சிட்-சாட்’, ‘டிட்டில்-டாட்டில்’ இரண்டிலும் இகரம் முதலில், அகரம் பின்னால். அந்த வரிசை மாறாது. நம் ‘கிசுகிசு’ எந்த மாற்றமும் இல்லாமல் இரட்டிக்கும். ‘டாட்டில்’ தனியாக வந்தால் கவனம் தேவை. இன்றைய அமெரிக்க வழக்கில் அது வம்பு இல்லை, பிள்ளைகள் ஆசிரியரிடம் போட்டுக்கொடுப்பது. ‘கோள் சொல்வது’ என்பதே சரியான தமிழ். ‘ரூமர்’ என்றால் வதந்தி. அதில் ஆள் முக்கியமில்லை, உண்மையா பொய்யா என்பதே கேள்வி. ‘பேக்பைட்’ என்றால் முதுகுக்குப் பின்னால் கடிப்பது. புறங்கூறல் என்ற நம் சொல்லிலும் அதே முதுகு இருக்கிறது, பல் மட்டும் இல்லை.

‘ஸ்கேண்டல்’, ‘ஸ்லாண்டர்’ இரண்டும் ஒரே சொல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கிரேக்கத்தில் ‘ஸ்காண்டலன்’ என்றால் தடுக்கி விழவைப்பது, பொறி. அது பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஒருமுறை ஆங்கிலத்துக்குள் வந்து ஸ்லாண்டர் ஆனது. பிற்பாடு மூல வடிவத்தோடு இன்னொருமுறை வந்து ஸ்கேண்டல் ஆனது. ஆங்கிலேயச் சட்டத்தில் ஸ்லாண்டர் வாயால் செய்யும் அவதூறு, எழுத்தில் செய்தால் ‘லைபல்’. தமிழில் இரண்டுக்கும் அவதூறு என்றே எழுதிவிட்டால் வழக்கின் முக்கிய வேறுபாடு காணாமல் போகும். ‘வாய்மொழி’, ‘எழுத்துவழி’ என்று முன்னால் சேர்ப்பது நல்லது.

கடைசியாகத் தேநீர். இன்று இளைஞர்கள் ‘டீயைக் கொட்டு’ என்றால் உள்விவகாரத்தைச் சொல் என்று அர்த்தம். 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை அகராதியில் தேநீருக்கு ‘ஸ்கேண்டல் கஞ்சி’, ‘அரட்டைக் கஞ்சி’ என்ற கேலிப்பெயர்கள் இருக்கின்றன. அங்கிருந்துதான் இது வந்தது என்று முடிச்சுப்போட கை பரபரக்கும். போடக்கூடாது. இன்றைய வழக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் டிராக் மேடைகளிலிருந்து, அதாவது ஆண்கள் பெண் வேடமிட்டு நடத்தும் நிகழ்ச்சிகளிலிருந்து வந்தது. 1994-இல் ஜான் பெரென்ட் எழுதிய சவானா நகரப் புத்தகத்தில் லேடி ஷப்லி என்ற கலைஞர் தன் சொந்தச் சங்கதியை ‘என் டி’ என்கிறார். அச்சில் அது ஒற்றை எழுத்து. உண்மை என்று பொருள்படும் ‘ட்ரூத்’தின் முதல் எழுத்து என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். எழுத்தின் ஒலியும் பானத்தின் பெயரும் ஒன்றாக இருந்ததால் பிறகு கோப்பையும் கெட்டிலும் வந்து சேர்ந்துகொண்டன. இரண்டுக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டுகள். இணைக்கும் கண்ணி ஒன்றுகூட இல்லை.