ஐந்தாவது வால்வு மூடியது: நிணநீர் நாள மாதிரி, இதுவரை

நேற்று இரவு வால்வு மூடிவிட்டது! குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. நான்கு வால்வுகளைக் குப்பையில் போட்ட பிறகு வந்த ஐந்தாவது இது.

மனித நிணநீர் மண்டலத்துக்கு, அதாவது திசுக்களில் தங்கும் நீரை இரத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களின் வலைக்கு, மேசை மேல் ஓடும் மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இதய மாதிரி செய்தவர்களுக்குக் குழாய், மோட்டார் வேலையெல்லாம் பழக்கம்தான், அதை விட்டுவிடுகிறேன். அங்கே இருக்கும் பம்ப் இங்கே இல்லை, சிக்கல் அதில்தான். தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, திரும்பிப் போகாமல் திசுக்களில் தங்கும் நீர் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர். கூடவே கசிந்த புரதமும் உண்டு. இவ்வளவையும் இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனியாக ஒரு இதயம் கிடையாது. நாளத்தின் சுவரே சுருங்குகிறது, பக்கத்துத் தசை நெருக்குகிறது, மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. இந்தத் தள்ளல் எல்லாம் ஒரே திசையில் போக வேண்டுமென்றால் வால்வு ஒழுகக் கூடாது. ஒழுகினால் குழாயை எவ்வளவு பிசைந்தாலும் தண்ணீர் முன்னும் பின்னும் அலையுமே தவிர மேலே ஏறாது. மூன்று வாரம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வால்வுக்கு ரப்பர் கையுறையின் விரலை வெட்டி, இதய வால்வு மாதிரி அரைச்சந்திர வடிவில் இரண்டு இதழ் ஒட்டினேன். தண்ணீரின் எடை தாங்காமல் இதழ்கள் மறுபக்கம் மடிந்துகொண்டன. மறுநாள் பசையே உரிந்து வந்தது. சிலிக்கான் குழாயில் சிலிக்கான் பசையைத் தவிர வேறு எதுவும் சரியாகப் பிடிக்காது. அதனால் இதழையும் அந்தப் பசையிலேயே செய்யத் தொடங்கினேன். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே பசையை வைத்து, இரு ஓரத்திலும் ஒவ்வொரு அடுக்கு டேப் ஒட்டி, அதன் மேல் கண்ணாடிப் பாட்டிலை உருட்டினால் எங்கும் ஒரே பருமனில் மெல்லிய படலம் கிடைக்கிறது. ஒரு நாள் காய விட வேண்டும், அதுவரை அறை முழுக்க வினிகர் வாசனை.

இரண்டாவது வால்வில் இதழை நீளமாக்கிப் புனல் போலச் செய்தேன். நிஜ வால்வும் அப்படித்தான் நீண்டிருக்கும். மடியவில்லை, ஆனால் நனைந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்றது. மூன்றாவதில் படலத்தைத் தடிமனாக்கினேன், திறக்கவே இல்லை. நான்காவது மறுபடியும் சுவரில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் நாளத்தின் படங்களை உட்கார்ந்து கவனித்தேன். நிணநீர் நாளம் மணி கோத்த சரம் மாதிரி இருக்கும், எல்லோரும் பார்த்திருப்போம். அந்த உப்பலை வெறும் தோற்றம் என்று நினைத்து, என் குழாயை நேராகவே விட்டிருந்தேன். தவறு அங்கேதான் இருந்தது. வால்வு இருக்கும் இடத்தில் சுவர் வெளியே உப்பியிருந்தால், திறந்த இதழுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பை போல இடம் கிடைக்கிறது. பின்னோக்கி வரும் நீர் அந்தப் பைக்குள் புகுந்து இரண்டு இதழையும் நடுவே தள்ளி மூடிவிடுகிறது. நேர்க்குழாயில் நீர் புக இடமே இல்லை, இதழ் எப்படித் திரும்பும்?

ஐந்தாவதில் 8 மில்லிமீட்டர் குழாயின் வாயில் இதழ்களை ஒட்டி, அதன் மேல் 12 மில்லிமீட்டர் குழாய்த் துண்டு ஒன்றை உறையாகச் செருகினேன். இதழ்கள் சேரும் இரண்டு மூலையையும் ஊசி முனையில் பசை தொட்டு வெளிச் சுவரோடு பிடித்துவைத்தேன். இதைச் செய்யாவிட்டால் மறுபடி மடியும். தண்ணீர் ஊற்றியதும் இரண்டு இதழும் உதடு சேர்வது போல மெல்லச் சேர்ந்ததை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓய்வில் இந்த வால்வு லேசாகத் திறந்தே நிற்கிறது. குறையோ என்று பயந்தேன், நிஜ நாளங்களிலும் பல வால்வுகள் அப்படித்தான் நிற்கின்றன. டச்சு உடற்கூறியலாளர் ஃபிரெடரிக் ரய்ஷ் இந்த வால்வுகளைப் பற்றி 1665-லேயே ஒரு நூல் வெளியிட்டார். அத்தனை சின்ன இதழ்களை அந்தக் காலத்தில் பார்த்து நிறுவியவர் மேல் இப்போது பெரிய மரியாதை வந்திருக்கிறது.

குழாய் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிக்கான் என்று போட்டு பிவிசி குழாயை அனுப்பிவிடுகிறார்கள், எனக்கு இரண்டு முறை நடந்தது. நன்றாக மடித்து விடுங்கள். மடிப்புத் தடம் அப்படியே நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிசைந்து இயக்கும் மாதிரிக்கு அது ஆகவே ஆகாது.

அடுத்து நிணநீர்க் கணு, நாளங்களின் வழியில் நிணநீரை வடிகட்டும் சின்ன முடிச்சு. உள்ளே நான்கைந்து குழாய், வெளியே ஒன்று, நடுவே பஞ்சு. நிஜத்திலும் உள்ளே வரும் நாளங்கள் அதிகம், வெளியேறுபவை குறைவு, அதனால் ஓட்டம் மெதுவாகி வடிகட்ட நேரம் கிடைக்கிறது. கரித்தூள் கலந்த நீரை விட்டுப் பஞ்சு கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகையும் தூசும் சுவாசிப்பவர்களின் நுரையீரல் பக்கத்துக் கணுக்கள் இப்படித்தான் கறுத்துப்போகின்றன. குடலிலிருந்து வரும் கிளையில் மட்டும் பால் கலந்த நீர் ஓட வேண்டும் என்பது ஆசை. 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரோ அசெல்லி, சாப்பிட்டிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது பார்த்தது அந்த வெள்ளை நாளங்களைத்தான். கொழுப்பு அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

உடலிலேயே பெரிய நிணநீர் நாளமான மார்பு நாளத்தை நிஜ நீளத்திலேயே, 40 சென்டிமீட்டருக்கு, செய்யப்போகிறேன். அது இடது கழுத்தடியில் இரண்டு சிரைகள் சேரும் மூலையில் போய் முடியும். அந்த வாயிலும் வால்வு வேண்டும், இல்லையென்றால் இரத்தம் உள்ளே ஏறிவிடும். அதெல்லாம் பிறகு. இப்போதைக்கு இன்னும் ஆறு வால்வு பாக்கி. இரண்டு படலம் மேசை மேல் காய்ந்துகொண்டிருக்கிறது, நாளை மாலை வெட்டலாம்.