சிம்னியில் ஒரு விரிசல்

பிப்ரவரி 4
ஓடு மாற்ற ஏறியவர்தான் மேலிருந்து சத்தம் போட்டார்: "டீச்சர், சிம்னி பிளந்து நிக்குது." நானும் ஏணியில் ஏறினேன். உச்சியிலிருந்து கலவைக் கோடுகள் வழியே படிக்கட்டுப் போல இறங்கும் விரிசல். ஓரிடத்தில் பத்து ரூபாய் நாணயம் உள்ளே போனது. டிசம்பர் குளிரில் கணப்பு மூட்டும்போதெல்லாம் கண் எரிந்ததற்கு விறகைத் திட்டிக்கொண்டிருந்தேன். புகையாவது கண்ணில் குத்தும். அதோடு கசியும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கணப்புக்குத் தடை. அம்மாவுக்கு வெந்நீர்ப் பை.

பிப்ரவரி 7
முதலில் வந்தவர் இடித்துக் கட்ட 70,000 கேட்டார். என்னிடம் இருப்பது 15,000. பக்கத்துத் தெரு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். "நேராத்தான் நிக்குது. சாஞ்சிருந்தா பிரிச்சுத்தான் ஆகணும், பூசி மறைக்கக் கூடாது."

காரணமும் கிடைத்தது, கொஞ்சம் வெட்கத்தோடு. உச்சித் தொப்பி உடைந்து, ஐப்பசி மழை முழுக்க உள்ளே இறங்கியிருக்கிறது. போதாததற்கு ஆறு வருஷம் முன்பு நானே சிமென்ட் பூசச் சொன்னேன். இது தாத்தா 1951-இல் வாங்கிய வீடு, சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மெத்தென்ற பழைய செங்கல்லுக்கு நடுவே இறுகிய சிமென்ட். உறிஞ்சிய ஈரம் கலவை வழியே வெளியேற முடியாமல் செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிட்டது.

பிப்ரவரி 9
சுட்ட சுண்ணாம்புக் கல்லை டிரம்மில் தண்ணீரில் போட்டு நீற்றினோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கண்ணாடி போட்டுக்கொள்ள மேஸ்திரியிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் தாத்தா காலத்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பார்களாம். இந்த பட்ஜெட்டில் வெல்லம் பொங்கலுக்கு மட்டும்.

பிப்ரவரி 20
மூன்று நாள் வேலை முடிந்தது. பழைய கலவையை உளியால் ஓர் அங்குல ஆழம் சுரண்டி, தூசி ஊதி, தண்ணீர் தெளித்து, பிறகு புதுக் கலவை: சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த செங்கல் பொடி ஒரு பங்கு, மணல் இரண்டு. செங்கல் பொடி சேர்ந்தால் சுண்ணாம்பு சீக்கிரம் இறுகும். உரிந்த பதினொரு செங்கல்லுக்குப் பதில் இடிந்த காம்பவுண்டு சுவரிலிருந்து எடுத்துக்கொண்டோம். தொப்பி மட்டும் சிமென்ட் கான்கிரீட். சரிவாக, விளிம்பு வெளியே நீட்டி, நீர் சொட்ட அடியில் ஒரு பள்ளக்கோடு. "அதுக்கு மட்டும் சிமென்ட் ஆகுமா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

பிப்ரவரி 23
கலவை காயாமலிருக்க ஈரச் சாக்கு சுற்றியிருந்தோம். குரங்கு ஒன்று உருவிக்கொண்டு போய்விட்டது. இன்று மூன்றாவது சாக்கு.

மார்ச் 2
கூலி 6,000, சாரம் 2,000, சுண்ணாம்பும் மணலும் 1,900, சிமென்ட்டும் கம்பியும் 1,100, ஓடும் சிம்னியும் சேருமிடத்துத் தகரம் 2,300. மொத்தம் 13,300. டீ, வடை கணக்கில் இல்லை.

மார்ச் 21
இன்று சோதனை. மேல்வாயை ஈரச் சாக்கால் அடைத்து, கணப்பில் நனைந்த வைக்கோலைக் கொளுத்திவிட்டு, டார்ச்சோடு மச்சுக்கு ஓடினேன். கூரைக்கு மேலே ஒரு இழை புகை இல்லை. மச்சுக்குள், ஓட்டுக்கு ஒரு முழம் கீழே, ஊதுபத்தி போலக் கசிகிறது! அந்த இடத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டிரம்மின் அடியில், தண்ணீருக்குக் கீழே, மிச்சச் சுண்ணாம்பு இன்னும் வெண்ணெய் மாதிரி இருந்தது. மணலும் பொடியும் கலந்து நானே பூசினேன். குறுக்கே பென்சிலில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

ஏப்ரல் 12
மறுபடி வைக்கோல், கசிவு இல்லை. கோடும் முறியவில்லை. மேல்வாயைத் திறந்துவிட்டு இரண்டே இரண்டு சீகை விறகு. சித்திரை பிறக்கப் போகிறது, குளிரே இல்லை. ஆனாலும் அம்மா நாற்காலியைக் கணப்புக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் டார்ச்சோடு மச்சில்.