கூண்டில் ஏறாமலே முடிந்த வழக்கு

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் அக்காவின் 15 வயது மகன், உடன் படிக்கும் மாணவனின் கைப்பேசியைத் திருடியதாகக் கைதானபோது, உறவினர்கள் எல்லோரும் எந்த வக்கீலை அமர்த்துவது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்கச் சிறார் நீதிச் சட்டத்தின்படி, இத்தகைய வழக்குகளின் போக்கு பெரும்பாலும் சாட்சி விசாரணைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கைதான 48 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய முதல்நிலை விசாரணைக்கு முன்பாக, நன்னடத்தை அலுவலர் பையனிடமும் அக்காவிடமும் நெடுநேரம் பேசினார். பள்ளி வருகை, வீட்டுச் சூழல், நண்பர்கள், முன்பு ஏதேனும் வழக்கு உண்டா என அவர் கேட்டு எழுதிய அறிக்கைதான் மாஜிஸ்திரேட்டின் மேசைக்குப் போனது. திருட்டுப்பொருளின் மதிப்பு 2,500 ராண்டுக்குள் இருந்திருந்தால் அது சட்டத்தில் மிகச் சிறிய குற்றங்களுக்கான முதல் அட்டவணையில் சேர்ந்திருக்கும். அந்தக் கைப்பேசி அதைவிட விலை உயர்ந்தது என்பதால் இரண்டாம் அட்டவணைக்குப் போய், வழக்கைத் திசைதிருப்புவதற்கு, அதாவது முழு விசாரணைக்குப் போகாமல் சில நிபந்தனைகளுடன் முடித்துவைப்பதற்கு முன் கைப்பேசியைப் பறிகொடுத்த குடும்பத்தின் கருத்தையும் அரசு வழக்கறிஞர் கேட்க வேண்டியதாயிற்று.

விசாரணை நடந்த அறையில் வெளியார் யாருக்கும் அனுமதியில்லை. தவற்றுக்குப் பொறுப்பேற்கிறாயா என்பதே அங்கே முக்கியமான கேள்வி. அதற்கான பதில் எவருடைய நெருக்குதலும் இல்லாமல் வந்தால்தான் வழக்கைத் திருப்பிவிட முடியும். "ஆமாம் என்று சொல்லிவிடு, எல்லாம் முடிந்துவிடும்" என்று வெளியே அத்தான் அவனை அவசரப்படுத்தியதை, சட்ட உதவி அமைப்பிலிருந்து வந்த வக்கீல் உடனே தடுத்தார். அங்கே சொல்வது எதையும் பின்னர் வழக்கு நடந்தால் அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று அவர் விளக்கிய பிறகே பையன் வாய் திறந்தான். அவனாகச் சொன்ன அந்த நான்கைந்து வாக்கியங்கள், நாங்கள் திரட்டி வைத்திருந்த நற்சான்றுகளைவிட அதிகம் எடுபட்டன என்பதே என் கணிப்பு.

பள்ளிக்குத் தவறாமல் செல்வது, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வை, அந்த மாணவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்பது, கைப்பேசிக்கு ஈடுகட்டுவது ஆகியவை நீதிமன்ற உத்தரவில் இடம்பெற்றன. கோயிலில் சந்தித்த பெரியவர் ஒருவர், அந்தக் காலமாக இருந்தால் பிரம்படியோடு அனுப்பியிருப்பார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். அந்தத் தண்டனையை அரசியல் சாசன நீதிமன்றம் 1995-இலேயே நீக்கிவிட்டது. மேலும், மாதக்கணக்கில் மேற்பார்வையில் இருப்பது அவர் நினைப்பதுபோல் அவ்வளவு இலேசான காரியமுமில்லை: உத்தரவை மீறினால் நீதிமன்றம் அதற்கான காரணத்தை விசாரிக்கும், அரசு வழக்கறிஞர் பழைய குற்றச்சாட்டையே மீண்டும் எடுத்து நடத்தவும் கூடும்.

நிபந்தனைகளை அவன் நிறைவேற்றியதும் அதற்கான அறிக்கை நீதிமன்றத்துக்குச் சென்றது. இது முந்தைய தண்டனையாகக் கருதப்படாது. இதே நிகழ்வுக்காக அவன்மீது மறுபடி வழக்குத் தொடரவும் முடியாது. உத்தரவின் நகலையும் நிறைவு அறிக்கையின் நகலையும் அக்கா கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்; இந்த நிலையில் இருக்கும் பெற்றோரும் அவ்விரண்டையும் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.